ஒரு பக்க டிரைவ் ஷாஃப்ட் இல்லாமல் கார் ஓடுமா?

9 ஜூன் 2023 – பெங்களூரு ஹொரமாவு வாசகர் கேட்டது

முன் சக்கர இழுவை, மேனுவல் கியர், பத்து வருடம் ஓடிய வண்டி. முழுசாக ஒடித்துத் திரும்பினால் இடது பக்கம் கடக் கடக் என்று சத்தம். ஷெட்டில் இடது டிரைவ் ஷாஃப்டை, அதாவது கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியை, கழற்றி மாதிரிக்கு ஜே.சி. ரோடு ஸ்பேர் கடைகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதுசு வர நாலைந்து நாள் ஆகுமாம். அதுவரை இந்த ஷெட்டில் இடமில்லை, பாணஸ்வாடியில் இன்னொரு ஷெட் இருக்கிறது, கயிறு கட்டி இழுத்துவிடலாம், "ஏனூ ஆகல்லா சார்" (ஒன்றும் ஆகாது சார்) என்கிறார் மெக்கானிக். நாலு கிலோமீட்டர்தான். என் சந்தேகம் வேறு. வலது பக்க ஷாஃப்ட் நன்றாகத்தானே இருக்கிறது? அதிலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் என்ன? இந்த ஷாஃப்ட், அதாவது ஆக்சில், சக்கரத்தைச் சுற்றுவதற்கு மட்டும்தானே அண்ணா?

9 ஜூன், மாலை

ஓடாது. முதல் கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் சுற்றும், பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் முள்கூட ஏறும். வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

காரணம் டிஃப்ரன்ஷியல், எஞ்சின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. அது இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் கொடுக்கும். காவடியில் ஒரு பக்கப் பானையை அவிழ்த்துவிட்டால் மறு பக்கமும் தோளில் நிற்காது, இல்லையா? அதேதான். இடது பக்கம் எதிர்ப்பே இல்லை, அதனால் வலது பக்கத்துக்கும் ஒன்றும் போகாது. வலது சக்கரம் நிற்க, இடது பக்கப் பல்சக்கரம் மட்டும் கிரவுனைப் (எஞ்சின் சுற்றும் பெரிய பல்சக்கரம்) போல இரண்டு மடங்கு வேகத்தில் வெற்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும். "நகருதா பார்ப்போம்" என்று ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கம்பியும் தேயும். சோதனைக்கென்றுகூடச் செய்ய வேண்டாம்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கவலை. சுற்றுவதற்கு மட்டும் இல்லை. அந்த ஷாஃப்டின் வெளி முனைதான் உங்கள் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுக்கவும் வேண்டாம். வேலை முடிந்து வந்து விவரமாக எழுதுகிறேன்.

10 ஜூன், காலை

நான் பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப்பில் லேத்தில் இருக்கிறேன், பதினேழு வருடமாக. கார் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கற்றுக்கொண்டேன்.

மெட்ரோ பீன்யா வரை வந்த வருடம், 2014. மச்சானின் கார், அதுவும் முன் சக்கர இழுவை. தாசரஹள்ளியில் ஒரு ஷெட்டில் வலது ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, வேறு வேலை வந்ததும் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டார்கள். பத்து நாள் பார்த்துவிட்டு மச்சான் பொறுமை இழந்து, யஷ்வந்த்பூர் பக்கம் தெரிந்த ஷெட்டுக்கு இழுத்துப் போய்விடலாம் என்றார். முன்னால் அவர் மாருதி ஆம்னி வேனில், பின்னால் கயிற்றில் கட்டிய காரில் நான். பின் சீட்டில் தங்கையின் பையன், அப்போது ஒன்பது வயது. எஞ்சின் சத்தமே இல்லாமல் கார் போவது அவனுக்கு அதிசயம், நானும் வருகிறேன் மாமா என்று ஏறிவிட்டான். நானும் சரி என்றேன்.

மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோடு. முதல் ஒரு கிலோமீட்டர் ஒன்றுமே தெரியவில்லை. ஷெட்டிலிருந்து தள்ளும்போதும் சக்கரம் நேராகத்தான் சுற்றியது. ஜாலஹள்ளி கிராஸுக்கு முன்னால் ஒரு ஹம்ப். அதில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வந்தது, சைக்கிள் சக்கரம் கோட்டம் விழுந்தால் கைப்பிடியில் தெரியுமே, அந்த மாதிரி. அடுத்த பள்ளத்தில் கரக் கரக் என்று இரும்பில் இரும்பு உரசும் சத்தம். முன்னால் சிக்னல் விழுந்து ஆம்னி நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரை போனது. திரும்ப மிதித்தேன், பாதியில் பிடித்தது. எஞ்சின் ஓடாததால் பிரேக் பூஸ்டரின் உதவியும் இல்லை, பெடல் கல்லாக இருந்தது. ஆம்னியின் பின் பம்பரில் மெதுவாக இடித்து நின்றது. பையன் முன் சீட்டில் நெற்றியை இடித்துக்கொண்டான். வீக்கம் மட்டும்தான். அவன் அழவில்லை, எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

ஓரமாகத் தள்ளி ஜாக்கி வைத்துப் பார்த்தேன். சக்கரத்தின் மேல் பக்கத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாகச் சாய்ந்து வந்தது. ஹப்புக்கும் (சக்கரத்தை முடுக்கும் நடுப்பகுதி) அதைத் தாங்கும் நக்கிளுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி. அதற்குள்ளிருந்து பழுப்பு கிரீஸ் பிதுங்கி பிரேக் டிஸ்க்கில் ஒட்டியிருந்தது. டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் காலிப்பரின் கவ்வு ஒன்றுதான் அந்தச் சக்கரத்தை வண்டியோடு வைத்திருந்தது.

என்ன நடந்தது என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்த வண்டியின் முன் பேரிங்கில் உள் வளையம் ஒன்றல்ல, இரண்டு, ஒட்டி நிற்கும் இரண்டு துண்டுகள். ஷாஃப்டின் முனை ஹப்புக்குள் நுழைந்து வெளியே வரும், அதில் பெரிய நட்டு. வண்டியைப் பொறுத்து 150 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவார்கள். சின்னக் காரின் வீல் நட்டுக்கு 100ஐ ஒட்டித்தான் வரும், ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இறுக்கம்தான் இரண்டு வளையங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. ஷாஃப்டை எடுத்துவிட்டால் ஹப் வெறுமனே செருகிய செருகலில் நிற்கிறது. தள்ளும்போது நிற்கும். குழியும் வளைவும் வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும்.

பிரேக் போனதற்கும் அதுவே காரணம். ஹப் ஆடினால் டிஸ்க் ஆடும். டிஸ்க் பேடைத் தள்ளும், பேட் பிஸ்டனை உள்ளே தள்ளும். அடுத்த மிதியில் அந்த இடைவெளியை நிரப்பவே பெடல் முழுக்கப் போய்விடும்.

நாலு கிலோமீட்டர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு இரண்டு கூட ஆகவில்லை.

10 ஜூன், இரவு 11:40

உங்கள் பதிலை இப்போதுதான் பார்த்தேன். வண்டியை ஷெட்டுக்கு வெளியே சரிவான சந்தில், முதல் கியரில் போட்டு நிறுத்தியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்வு, அதனால் கியரில் என்று.

கியர் பிடிக்காது. தூங்கப் போகாமல் இப்போதே போய் இரண்டு பின் சக்கரத்துக்கும் இறக்கப் பக்கம் கல்லோ கட்டையோ வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு வருமோ அவ்வளவும் இழுத்து வையுங்கள். விளக்கம் காலையில்.

11 ஜூன், ஞாயிறு

ஹாலோ பிளாக் இரண்டு வைத்துவிட்டதாக எழுதியிருந்ததைப் பார்த்ததும் நிம்மதி.

இதை நான் முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். ஓட்டுவதைப் பற்றியும் இழுப்பதைப் பற்றியும் யோசித்தேன், நிறுத்தி வைப்பதை மறந்துவிட்டேன். கழற்றிய வண்டி அதிக நேரம் நிற்கத்தான் போகிறது, ஆபத்தும் அங்கேதான் அதிக நேரம் காத்திருக்கிறது.

கியரில் போட்டால் எஞ்சின் கிரவுனைத்தான் பிடிக்கிறது. கிரவுன் அசையாமல் நின்றாலும், வலது சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, சக்கரத்தோடு தொடர்பே இல்லாத இடது பல்சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளும். தடுக்க யாரும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் 'பி' போட்டாலும் இதே கதை, அந்தக் கொக்கியும் கியர் பாக்ஸுக்குள்தான் இருக்கிறது. மின்சார கார் வைத்திருக்கும் ஒருவர் தன் வண்டியில் எப்படி என்று கேட்டிருந்தார்: பெரும்பாலானவற்றில் 'பி' பூட்டு மோட்டாரோடு சேர்ந்த கியர் பெட்டியில்தான், அங்கிருந்து சக்கரத்துக்குப் போவதும் இதே மாதிரி இரண்டு ஷாஃப்ட்தான். ஒரு மாற்றமும் இல்லை.

ஷாஃப்ட் இல்லாத முன் சக்கர இழுவை வண்டியை நிறுத்திப் பிடிப்பது பின் சக்கர ஹேண்ட் பிரேக்கும், நீங்கள் வைக்கும் கட்டையும்தான். சந்தில் பிள்ளைகள் விளையாடும் ஊர் நம்முடையது.

11 ஜூன், மதியம்

ஒருவர், "என் வண்டியில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருக்கிறது. வீணாகச் சுற்றும் சக்கரத்துக்கு அதுவே பிரேக் போட்டு விசையை மறுபக்கம் அனுப்புமே, அப்போது ஓடும்தானே?" என்கிறார். நல்ல கேள்வி, நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிரேக் இருப்பது சக்கரத்தில். வீணாகச் சுற்றுவது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பல்சக்கரம். இரண்டுக்கும் நடுவே இருந்த கம்பியைத்தானே கழற்றிவிட்டோம்? சக்கரத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பல்சக்கரத்துக்குத் தெரியாது.

ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பில் பின் பக்க புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தில் வீடு சேர்ந்ததாக இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது முடியும். அங்கே கழற்றியது கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நடு ஷாஃப்ட், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஷாஃப்ட் இல்லை.

12 ஜூன்

உங்கள் மெக்கானிக் மேல் கோபப்பட வேண்டாம். அவர் சொல்வது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

என் தாய்மாமா கிருஷ்ணகிரிக்காரர், முப்பது வருடம் லாரி. சின்ன வயதில் அவரோடு ஓசூர் வரை போயிருக்கிறேன். வழியில் லாரி படுத்துவிட்டால், இழுப்பதற்கு முன் அவர் செய்யும் முதல் வேலையே பின் ஆக்சில் இரண்டையும் உருவுவதுதான். ஹப் நடுவில் வட்டமாக இருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, நீளமான ஷாஃப்டை இழுத்து எடுத்து, ஓட்டையை அடைத்து, ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக் கேபினுக்குள் வைப்பார். லாரி அழகாக இழுபடும்.

லாரியில் அது சரியான முறை. ஹப் தன் சொந்த பேரிங்குகளில், ஷாஃப்டை மூடியிருக்கும் ஹவுஸிங் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எடையெல்லாம் ஹவுஸிங் மேல். ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டும்தான். உருவினால் சக்கரம் அப்படியே நிற்கும். உருவாமல் இழுத்தால்தான் கேடு: எஞ்சின் ஓடாமல் கியர் பாக்ஸின் ஒரு பாதி மட்டும் சுற்றும், எண்ணெய் மேலே ஏறாது, பேரிங் வறண்டு போகும்.

இந்த அறிவு லாரி பட்டறைகளிலிருந்து கார் ஷெட்டுகளுக்கு வந்திருக்கிறது. அம்பாசிடரும் பத்மினியும் பின் சக்கர இழுவை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கர இழுவை நம் ஊர்த் தெருக்களில் பெருகியது. பேச்சில் எல்லாமே "ஆக்சில்" என்பதால் ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்கும் பொருந்தும் என்று ஆகிவிட்டது. ஆம்னி மாதிரிப் பின் சக்கர வண்டியில் இன்னும் மோசம். அங்கே ஆக்சில் ஷாஃப்டின் தட்டிலேயே சக்கரத்தை முடுக்கியிருக்கிறது, ஷாஃப்ட் வெளியே வந்தால் சக்கரமும் கூடவே வரும்.

2014 கதையை மாமாவிடம் சொன்னபோது அவர் சொன்னது: "லாரிக்கு ஆக்சில் தோளில் கிடக்கிற துண்டுடா, எடுத்து வைக்கலாம். காருக்கு அது வேட்டி."

இதை உங்கள் மெக்கானிக்கிடம் கன்னடத்தில் சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்.

13 ஜூன்

ஒரு திருத்தம். 10ஆம் தேதி எழுதியதைப் படித்தால் எல்லாக் காரிலும் ஹப் பிரிந்துவிடும் என்று தோன்றும். பேரிங் வியாபாரத்தில் இருக்கும் ஒரு வாசகர் சரியாகவே சுட்டிக்காட்டினார். பிறகு வந்த பல வண்டிகளில் ஹப்பும் பேரிங்கும் ஒரே பொருளாக வருகின்றன, உள் முனையை அழுத்தி உருட்டி மடித்து வளையத்தைப் பூட்டியிருப்பார்கள். அதில் ஷாஃப்ட் இல்லாவிட்டாலும் வளையங்கள் உடனே பிரியாது. என் தொழில் இரும்பு என்பதால் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் வண்டியில் எந்த வகை? தெருவில் நின்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியாதவரை பிரியும் வகை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

13 ஜூன், இரவு

ஷாஃப்டை உருவினால் கியர் பாக்ஸ் எண்ணெய் என்ன ஆகும் என்று கேட்டவருக்கு. பெரும்பாலான முன் சக்கர வண்டிகளில் ஷாஃப்டின் உள் முனை நேராகக் கியர் பாக்ஸுக்குள் செருகியிருக்கும். உருவினால் அந்த ஓட்டை வழியாக எண்ணெய் கொட்டும். சின்னக் காரில் மொத்தமே இரண்டு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். துணியை அடைத்துவிட்டு இழுத்தால் துணி விழும், மீதி எண்ணெயும் போகும், மறுபக்க ஷாஃப்ட் உள்ளே பல்சக்கரங்களை வறட்சியாகச் சுற்றிக்கொண்டே வரும். போல்ட் போட்டுப் பிடிக்கும் வகை ஷாஃப்ட் என்றால் கொட்டாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உருவினால் சில கியர் பாக்ஸில் உள்ளே இருக்கும் பல்சக்கரம் இடம் மாறி விழுந்துவிடும், திரும்ப ஷாஃப்ட் நுழையாது. ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றச் சொல்லுங்கள்.

14 ஜூன்

ரெக்கவரி வண்டி கிடைத்துவிட்டது, காரையே மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட், ஆனால் ஷெட்டிலிருந்து சந்து முனை வரை ஐம்பது அடி உருட்ட வேண்டும், அதுவும் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உருட்டலாம், ஒரு வேலை செய்துவிட்டு.

மாதிரிக்குக் கொண்டுபோன பழைய ஷாஃப்டைத் திரும்ப வாங்குங்கள். அதன் வெளி ஜாயின்டை மட்டும் கழற்ற வேண்டும். பூட் எனப்படும் ரப்பர் உறையின் கிளாம்பை வெட்டி, உறையை ஒதுக்கி, பித்தளைக் கம்பி வைத்து ஜாயின்டின் உள் வளையத்தில் தட்டினால் ஷாஃப்டிலிருந்து வந்துவிடும். குண்டுகளையும் கூட்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கிண்ணமும், அதன் அடியில் வரி வரியாகப் பல் வெட்டிய முனையும். அந்த முனையை ஹப்புக்குள் செருகி, வாஷர் வைத்து, நட்டைக் கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கினால் போதும். பேரிங்கைப் பொறுத்தவரை ஷாஃப்ட் இருக்கிறது. சக்கரம் தாராளமாகச் சுற்றும், கழன்று வராது. கியர் பாக்ஸ் ஓட்டையைச் சரியான மூடி போட்டு அடைக்க வேண்டும், அது தனி.

2014க்குப் பிறகு நான் லேத்தில் இ.என்.8 எஃகுக் கம்பியில் இதற்கென்றே ஒரு டம்மி கடைந்து வைத்திருக்கிறேன், இரண்டு தடித்த காலர், நடுவே மரை. மூன்று பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் அந்த வண்டியின் சொந்த முனைதான் மேல், அளவு சந்தேகமே இல்லை.

இதுவும் ஐம்பது அடிக்குத்தான். பாணஸ்வாடி வரை இல்லை.

14 ஜூன், இரவு

இது எப்படி ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பூட் கிழிந்ததில். கிழிந்த ரப்பர் வழியாக கிரீஸ் வெளியே தெறித்து, மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், குண்டு ஓடும் பள்ளம் தேய்ந்து, திரும்பும்போது கடக் கடக். ஜூன் பிறந்துவிட்டது, அண்டர்பாஸ் எல்லாம் குளம். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு இறங்கி, டார்ச் அடித்து, சக்கரத்தின் உள் வளையத்தில் கறுப்பாகக் கோடு தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் மட்டும் மாற்றுவதோடு போனால் சில நூறு ரூபாய், ஜாயின்ட் வரை போனால் ஆயிரங்கள்.

கழற்றாமலே ஓட்டி நடுவழியில் ஷாஃப்ட் முறிந்துவிட்டால் அது வேறு ஆபத்து. ஒரு முனை கியர் பாக்ஸில், மறு முனை விடுதலை. சாட்டை மாதிரிச் சுழன்று பிரேக் எண்ணெய்க் குழாயையும் ஏ.பி.எஸ். ஒயரையும் அறுக்கும். வண்டி இழுவை இழந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள், திரும்பத் திரும்ப கிளட்ச் விட்டுப் பார்க்க வேண்டாம்.

17 ஜூன்

புது ஷாஃப்ட் மாட்டியாகிவிட்டது என்ற சேதிக்கு மகிழ்ச்சி. பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியவை மூன்று. கியர் பாக்ஸ் எண்ணெய் அளவு. ஹேண்ட் பிரேக் கேபிள். அப்புறம் அந்தப் பெரிய நட்டு. பல வண்டிகளில் அதன் விளிம்பைத் தட்டி ஷாஃப்டின் பள்ளத்துக்குள் மடக்க வேண்டும், அந்த வகை நட்டு ஒரு தடவைக்குத்தான், பழையதையே போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வீல் கப்பைக் கழற்றினால் கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்துப் போடுங்கள்.

17 ஜூன், மாலை

படம் பார்த்தேன். புது நட்டு, பள்ளத்தில் ஒரே அடியில் சுத்தமாக மடங்கியிருக்கிறது. நல்ல கை. பழைய முனையை மெக்கானிக் ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்துவிட்டார், அடுத்த வண்டிக்கு ஆகும் என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் பல் எண்ணிக்கையையும் விட்டத்தையும் ஒரு பெயின்ட் மார்க்கரில் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். எல்லா வண்டிக்கும் அது நுழையாது.